ஷாக் பெட்டி மைதானத்துக்கு வந்த வழி

கம்பத்தில் ஏறி வேலை பார்த்த லைன்மேன்கள் ஷாக் அடித்துச் செத்ததில்தான் இந்தப் பெட்டியின் கதை தொடங்குகிறது. அமெரிக்க மின் கம்பெனிகள் பணம் கொடுக்க, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கோவன்ஹோவன் என்ற மின்பொறியாளர் ஆராய்ச்சியில் இறங்கினார். மின்சாரத்தால் தாறுமாறாக நடுங்கும் இதயத்துக்குள் இன்னும் பலமாக ஒருமுறை மின்சாரம் பாய்ந்தால், நடுக்கம் நின்று துடிப்பு சீராகும். இது ஜெனீவாவில் இரண்டு பேர் 1899-லேயே நாய்களிடம் கண்ட விஷயம். 1947-ல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற சர்ஜன், ஆபரேஷனின்போது நின்றுபோன 14 வயதுப் பையனின் இதயத்தை, நெஞ்சு திறந்திருந்த நிலையிலேயே ஷாக் கொடுத்து மீட்டார். நெஞ்சைத் திறக்காமல் கொடுக்க இன்னும் ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது.

அதற்குப் பிறகும் பெட்டி ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. பெல்ஃபாஸ்டின் டாக்டர் பான்ட்ரிட்ஜ்தான் 1965-ல் கார் பேட்டரியில் ஓடவைத்து அதை ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை 70 கிலோ. மூன்றே வருடத்தில் 3 கிலோவாக இளைத்தது. எழுபதுகளின் கடைசியில் அதற்குப் புத்தியும் வந்தது: துடிப்பைத் தானே பார்த்து, ஷாக் தேவையா என்று தானே முடிவெடுக்கும் ஏ.இ.டி.

இன்றைக்குக் கிடைப்பது டிபன் கேரியர் கனம். திறந்தால் பேசும். ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே ஒட்டச் சொல்லும். நம் ஊர் வெயிலில் ஓடியவனின் மார்பில் பட்டை லேசில் ஒட்டாது. பனியனைக் கத்தரித்து, வியர்வையைத் துடைக்க வேண்டும். தேவையில்லாதவருக்கு ஷாக் கொடுக்காது என்பதால் யார் கையிலும் தரலாம்.

விளையாட்டுக்காரர்களுக்கு இது ஏன்? மாரடைப்பு ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, இது வேறு. இளம் வயதில் ஆடும்போது சாய்பவர்களுக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருக்கும், அல்லது இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கும். முந்தைய நாள்வரை ஒரு அறிகுறியும் இல்லாமல் போகலாம். 2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை கால்பந்து இறுதியாட்டத்தில் டெம்போ கிளப்பின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், எழவில்லை. 2012 மார்ச் 17-ல் லண்டனில் கால்பந்து ஆட்டத்தின் நடுவே விழுந்த ஃபாப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்காமல் இருந்தும் அவர் பிழைத்தார். நான்கே நாளில் பெங்களூரில் ஒரு கிளப் வீரர் சாய்ந்தபோது மைதானத்தில் ஆம்புலன்ஸே இல்லை, ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

சென்னையின் வடக்கு, மேற்குப் பக்கங்களுக்கு இதய வைத்தியம் புதிதல்ல. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-லேயே டாக்டர் செரியன் பைபாஸ் செய்தார். 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம், இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சுமார் 11 நிமிடத்தில் வந்து சேர்ந்ததை ஊரே பேசியது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் தொடங்கியதும் அதே மாதம்தான். ஆனால் ஆவடியில் ஒரு பையன் விழுந்தால் 11 நிமிடம் என்பது மிக நீளம். யாரும் நெஞ்சை அழுத்தாமல் நின்றால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். காலை நேரத்தில் சி.டி.எச். ரோட்டில் வந்து பாருங்கள், ஆம்புலன்ஸ் டிரைவரைக் குறை சொல்லத் தோன்றாது.

அந்தக் காலை நேரத்தில்தான் இங்கே போலீஸ் தேர்வுக்குப் போகிற பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுகிறார்கள். ஒருவன் விழுந்து கைகால் வெட்டி இழுத்தால், சுற்றி நிற்பவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். துடிப்பு நின்ற முதல் நிமிடத்திலும் உடம்பு அப்படி இழுக்கும், வாய் மூச்சுக்குத் திணறும். கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சு சரியில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். அந்தச் சாவிக்கொத்துக்கும் வேலை உண்டு, பெட்டி பி.டி. அறை பீரோவில் பூட்டிக் கிடந்தால்.

பெட்டி ஒன்றும் மலிவில்லை, விலை ஒரு லட்சத்துக்கு முன்பின். வாங்கி மாட்டினால் போதாது: பட்டையின் பசை காயும், பேட்டரி தீரும், தகரக் கொட்டகைச் சூடு இரண்டையும் கெடுக்கும். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் டோர்னமென்ட் நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, கோப்பை வழங்குபவர் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். பெட்டி எங்கே, சாவி யாரிடம், ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியே வரும் என்று ஒரு வரி போட்ட நோட்டீஸை நான் இன்னும் பார்க்கவில்லை.