மெஷின் இல்லாத ஊரில் அணுக்கரு ஆராய்ச்சி

எங்கள் பிம்ப்ரிக்குப் பக்கத்தில், புனே பல்கலைக்கழக இயற்பியல் துறையில் மைக்ரோட்ரான் என்று ஒரு மெஷின் கட்டினார்கள். எலக்ட்ரான்களை 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை விரட்டும். பல ஆராய்ச்சிகளுக்கு உதவியது. ஆனால் அணுக்கருவுக்குள் ஒரு தனி புரோட்டானைப் பார்க்க அது போதாது. அந்த எலக்ட்ரானின் அலைநீளம் புரோட்டானைப் போலச் சுமார் 90 மடங்கு. உலக்கையால் கடுகைத் தடவிப் பார்க்கிற கதைதான்!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டர் 1950களில் நூற்றுக்கணக்கான மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் எலக்ட்ரான்களை மோதவிட்டு, புரோட்டான் புள்ளி அல்ல, அதற்கு அளவு உண்டு என்று காட்டினார். 1961ல் நோபல் பரிசு.

ஏன் எலக்ட்ரானும் ஒளியும்? மின்காந்த விசையின் கணக்கு நமக்கு அத்துப்படி. அதனால் மோதலில் தெரியும் புதிரெல்லாம் கருவுக்குள் இருப்பதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதே காலத்தில் சென்னையில் இப்படி மெஷின் எதுவும் கிடையாது. இருந்தது மயிலாப்பூரில் ஒரு வீடு, ஏகாம்ர நிவாஸ். அரசியல் சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் பிரின்ஸ்டனில் ஓராண்டு இருந்துவிட்டு 1958ல் திரும்பி, வீட்டிலேயே மாணவர்களுக்கு செமினார் நடத்த ஆரம்பித்தார்.

அந்த மாணவர்களில் இருவர் வி. தேவநாதன், ஜி. ராமச்சந்திரன். டியூட்டீரியம் கருமேல் காமா கதிர் விழுந்து, கரு உடையாமல் ஒரு பையான் பிறந்தால் என்ன ஆகும்? குருவும் இவர்களும் சேர்ந்து கணக்கிட்டு 1961ல் வெளியிட்டார்கள். பேப்பர், பென்சில், பொறுமை, அவ்வளவுதான் கருவி. இந்த வகைக் கணக்கின் அடிப்படை ஒரு தோராயம்: மோதும் கணத்தில், கருவுக்குள் இருக்கும் நியூக்ளியான் வெளியே தனியாக இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும்.

1960ல் நீல்ஸ் போர் சென்னை வந்து இந்தக் குழுவைப் பாராட்டினார். 1961 அக்டோபரில் நேரு மாணவர்களைச் சந்தித்தார். கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3ல் மேட்சயின்ஸ் பிறந்தது. இன்றைய தரமணி கணித அறிவியல் நிறுவனம் அதுதான்.

அந்தத் தோராயம் என்ன ஆயிற்று? ஜெனீவாவின் செர்னில் மியூவான்களை இரும்பின் மீதும் டியூட்டீரியத்தின் மீதும் மோதிப் பார்த்து, 1983ல் முடிவை வெளியிட்டார்கள். இரும்புக்குள் இருக்கும் நியூக்ளியானில் குவார்க்குகளின் பங்கீடு வேறு மாதிரி இருந்தது. கூட்டத்தில் இருப்பவன் தனியாக இருப்பவன் மாதிரியே இல்லை! இ.எம்.சி. விளைவு என்று பெயர். முழுக் காரணம் என்ன என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதற்காகச் சென்னைக் கணக்கு வீண் என்று நினைக்க வேண்டாம். பையான் பிறக்கும் ஆற்றலில் அந்தத் தோராயம் நல்ல முதல் படி. தனி நியூக்ளியானாக நினைத்தால் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தானே வித்தியாசம் கண்ணில் படும்?

ராமகிருஷ்ணன் 2008ல் காலமானார். அந்த வீட்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், போய்ப் பேசி எழுதி வையுங்கள். மெஷினுக்காவது பல்கலைக்கழகத்தில் ஒரு பதிவேடு இருக்கும். கரும்பலகையில் போட்ட கணக்கு மறுநாளே அழிந்துவிடும்.