முதுகில் ஒரு திருகாணி, முன்னால் ஒரு மகாதமனி



உப்பளத்து வேலை முதுகை வாங்கும் வேலை என்று மரக்காணம் பக்கத்து ஆட்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் குனிந்து உப்பை இழுத்து வார வேண்டும். கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி வரப்பின் மேல் நடக்க வேண்டும். முன்பெல்லாம் இடுப்பு பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்ப்பார்கள், பத்துப் போடுவார்கள், கட்டிலை விட்டுத் தரையில் படுப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம். இன்று "முதுகில் ஸ்க்ரூ வைத்திருக்கிறது" என்று சொல்பவர்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். ஓய்வுபெற்ற குமாஸ்தா என்பதால் சிலர் ஆஸ்பத்திரிக் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பதுண்டு. அப்படிப் படிக்கப் போய், அந்த ஸ்க்ரூவின் சரித்திரத்தையே தேடிப் படித்தேன். அதில் நான் தெரிந்துகொண்ட முக்கியமான சங்கதி இது: திருகாணியை முடுக்குவது முதுகுப் பக்கம், ஆனால் உயிருக்கே உலை வைக்கும் ஆபத்து முதுகெலும்புக்கு முன்பக்கம் இருக்கிறது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் வரிசை. ஒவ்வொன்றிலும் முன்னால் உருளையாக ஒரு பருத்த பகுதி, பின்னால் வளையம் போன்ற ஒரு பகுதி. வளையத்துக்குள் தண்டுவடம் இறங்குகிறது. முன்னதையும் பின்னதையும் இணைப்பவை இருபுறமும் உள்ள இரண்டு காம்புகள். பிரெஞ்சில் இதைப் 'பெதிக்குல்' என்பார்கள். லத்தீனில் 'சிறிய கால்' என்று பொருள். இடுப்புப் பகுதியில் இந்தக் காம்பு ஒரு விரல் பருமன் இருக்கும். நெஞ்சுப் பகுதியின் நடுவில் சில இடங்களில் 4, 5 மில்லிமீட்டர்தான். இந்தக் காம்பின் வழியாகத்தான் திருகாணி பின்னாலிருந்து முன்னால் போகிறது.

காம்பின் உட்பக்கம் விலகினால் தண்டுவடம், கீழே விலகினால் நரம்பு. நேராகப் போயும் நீளம் கூடிவிட்டால், அங்கே மகாதமனி. இதயத்திலிருந்து புறப்படும் இந்தப் பெரிய இரத்தக் குழாய் நெஞ்சில் முதுகெலும்பின் இடது பக்கமாக ஒட்டி இறங்கி, இடுப்பின் நான்காவது எலும்புக்கு நேராக இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. அதன் வலப்புறம் பெருஞ்சிரை. சுவரில் ஆணி அடிப்பவனுக்கு மறுபக்கம் ஓடும் தண்ணீர்க் குழாய் எப்படித் தெரியாதோ, அதே நிலைமைதான் கவிழ்ந்து படுத்திருக்கும் நோயாளியின் முதுகைத் திறந்து நிற்கும் மருத்துவருக்கும்.

திருகாணி வருவதற்கு முன்பே இந்த ஆபத்து தெரிந்திருந்தது. 1945-ல் அமெரிக்காவில் லிண்டன், ஒயிட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பின், அவருடைய வயிற்றில் தமனியும் சிரையும் ஒன்றோடொன்று துளைபட்டு இணைந்துபோயிருந்தன. டிஸ்கை எடுக்க உள்ளே போகும் கருவி முன்பக்கம் தாண்டினாலே இப்படி நடக்கும். இதில் கொடுமை என்னவென்றால், இரத்தம் வயிற்றின் பின்பகுதிக்குள் போய்த் தேங்கும். முதுகில் திறந்த காயமோ காய்ந்தே கிடக்கலாம். இரத்த அழுத்தம் சரிவதைப் பார்த்து மயக்க மருத்துவர் சொன்னால்தான் உண்டு.

இனித் திருகாணியின் கதை. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பூஷே 1959-ல் நீளமான திருகாணிகளைக் காம்பு வழியே செலுத்தியதைப் பற்றி எழுதினார். அதையே ஒழுங்கான ஒரு முறையாக்கி, தகடும் திருகாணியுமாக முதுகெலும்பை நிறுத்தியவர் பிரான்சின் ரெமோன் ருவா-கமீய். 1963-ல் தொடங்கி, 1970-ல் 'பிரெஸ் மெதிகால்' இதழில் இரண்டு பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன் தலைப்பை அந்த மொழியிலேயே படித்ததில் ஒரு சந்தோஷம். அவர் பின்னாளில் தலைமை வகித்த மருத்துவமனை பாரிஸின் பித்தியே-சால்பெத்ரியேர். அந்த இடத்தில் முன்பு வெடிமருந்துச் சாலை இருந்ததால் வந்த பெயர். 'சால்பேத்ர்' என்றால் வெடியுப்பு. உப்பளத்துக்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது. இன்னொரு செய்தி: அவர் பிறந்தது மார்த்தினிக் தீவில். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் கரையோரத்துத் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே மார்த்தினிக்.

இந்த முறை நல்ல முறைதான். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தவர்கள் சில நாளில் எழுந்து நடந்தார்கள். உலகமெங்கும் பரவியது. பரவிய பிறகுதான் புதிதாக ஒரு வகை ஆபத்தும் தெரிய வந்தது. கூர்முனை மகாதமனியைக் கிழிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாலும் போதும். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குழாயின் சுவர் அந்த முனையில் உரசும். கயிறு உரசிக் கிணற்றுக் கல் தேய்வது போல, மாதங்கள் கழித்து, சில சமயம் ஆண்டுகள் கழித்து, சுவர் மெலிந்து குமிழ் போலப் புடைக்கும் அல்லது கசியும். அதுவரை நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் தெரியாதா என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே என்பது நிழல். முள்ளெலும்பின் முன்பகுதி உருண்டையானது. உருண்டைத் தூணில் ஓரமாக ஆணி வெளியே வந்திருந்தாலும், பக்கவாட்டு நிழலில் அது தூணுக்குள் இருப்பது போலவே தோன்றும். வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பது போல உடம்பைப் பார்க்கும் வழி, ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் வந்த பிறகுதான் கிடைத்தது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு அதைச் செய்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 2007-ல் 'ஸ்பைன்' இதழில் வெளியிட்டார்கள். முதுகு வளைந்த 33 நோயாளிகள். நெஞ்சுப் பகுதியில் மொத்தம் 478 திருகாணிகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான எக்ஸ்ரே உதவி. இன்னொரு பிரிவுக்கு, அறுவை மேசையிலேயே முப்பரிமாணப் படம் எடுத்து வழிகாட்டும் கணினி. வழக்கமான முறையில் 236 திருகாணிகளில் 54 காம்பைத் தாண்டியிருந்தன, அதாவது 23 சதவீதம். கணினி வழிகாட்டிய 242-ல் 5 மட்டுமே, 2 சதவீதம். எலும்பின் முன்சுவரையோ பக்கச்சுவரையோ துளைத்தவை ஒரு பக்கம் 38, மறுபக்கம் 2. திருகாணி ஒன்றுக்கு ஆன நேரமும் பாதியாகக் குறைந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை வளைந்த முதுகுகள், மிகக் கடினமான வகை. எலும்பைத் தாண்டிய திருகாணி எல்லாம் தீங்கு செய்வதும் இல்லை. பெரிய இரத்தக் குழாய் சேதமாவது மிக அபூர்வம். ஆனாலும் இந்தக் கணக்கை மூடி வைக்காமல், தங்கள் மேசையிலேயே அளந்து உலகத்துக்குச் சொன்னார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

சிகிச்சையும் முன்னேறிவிட்டது. 1990-ல் அர்ஜென்டினாவின் பரோதி, வயிற்றைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாக மகாதமனிக்குள் துணிக்குழாய் ஒன்றைச் செலுத்திக் காட்டினார். இன்று திருகாணி தொட்ட இடத்தில் உள்ளிருந்து அப்படி ஓர் உறையைப் பொருத்திவிட்டு, பிறகு பின்புறமாகத் திருகாணியைக் கழற்றிவிட முடிகிறது. ஆனால் கண்டுபிடித்தால்தானே கழற்ற முடியும்?

இங்கேதான் குமாஸ்தாவின் பங்கு வருகிறது. அறுவை செய்துகொண்டவர் வீட்டில் ஸ்கேன் படம் இருக்காது, டிஸ்சார்ஜ் சீட்டு மழையில் நனைந்திருக்கும், எந்த எலும்பில் எத்தனை ஸ்க்ரூ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துப் புது வலி என்று வேறு மருத்துவரிடம் போனால் அவர் எதை வைத்துப் பார்ப்பார்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அறுவைக்கு முன்பே அதன் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2008-ல், சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆகவே முதுகில் ஸ்க்ரூ உள்ள அன்பர்கள் பயப்பட வேண்டாம். கேளுங்கள், வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். புதிதாக முதுகிலோ வயிற்றிலோ வலி, வயிற்றில் துடிக்கும் கட்டி, கால் சில்லிட்டுப் போதல், காரணமில்லாத மயக்கம் என்று எது வந்தாலும் அந்த உறையோடு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "எனக்கு முதுகில் ஸ்க்ரூ இருக்கிறது" என்பது உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும். மூன்று வருஷம் ஆகிவிட்டால் ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதம் இல்லாமல் போகலாம். உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும்.