இடையன்குடியில் ஒரு குடும்பக் கல்லறை

அதியமான்கோட்டையைச் சூழ்ந்த தருமபுரி நிலப்பரப்பு நடுகற்களுக்குப் பேர்பெற்றது. அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நாட்டப்பெற்ற நடுகல்லைக் கண்டு ஔவையார் கலங்கிய செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. மாய்ந்தோரைக் கல்லிலே நிலைநிறுத்துதல் தமிழரின் தொன்மையான வழக்கம். தமிழ்த் திருச்சபைக்கும் இத்தகைய கற்கள் உண்டு. அவற்றுள், அயலகத்திலிருந்து வந்து இம்மண்ணிலே தங்கிவிட்ட ஒரு குடும்பத்தின் கல்லறையை இங்கு நோக்குவோம். அது திருநெல்வேலி மாவட்டம் இடையன்குடியில், தூய திரித்துவ ஆலயத்தினுள் அமைந்த கால்டுவெல் தம்பதியரின் கல்லறையாகும்.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்த இராபர்ட் கால்டுவெல், 1838-இல் இலண்டன் மிஷனரிச் சங்கத்தின் ஊழியராகச் சென்னைக்கு வந்தார். பின்னர் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்து, 1841-இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். 1844-இல் அவர் மணந்த எலிசா மால்ட் அம்மையாரோ நாகர்கோவிலில் ஊழியஞ் செய்த சார்லஸ் மால்ட் ஐயரின் மகளார். இந்நாட்டிலேயே பிறந்து, தமிழைக் குழந்தைப் பருவமுதல் அறிந்தவர். இடையன்குடியில் பெண்கல்வியும் பின்னல் வேலையும் தழைத்தது அவருடைய உழைப்பினாலேயே. ஆகவே இக்குடும்பம் இங்கு வேரூன்றியதற்குக் கணவரின் புலமை மட்டுமே காரணம் என்பது பொருந்தாது.

1847-இல் தொடங்கிய ஆலயப்பணி, 1880-இல் பிரதிஷ்டையோடு நிறைவுற்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கட்டப்பட்ட அவ்வாலயமே அவர்களுக்கு அடக்க இடமும் ஆயிற்று. 1877-இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற கால்டுவெல், 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். அவருடைய உடல் மலையினின்று இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, ஆலயத்தினுள் பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. 1899-இல் மறைந்த எலிசா அம்மையாரும் கணவரின் அருகிலேயே வைக்கப்பட்டார். இதில் வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்று உண்டு. தென்னாட்டு முதுமக்கள் தாழிகளைப் பற்றி 1877-இல் கட்டுரை வரைந்தவர் இதே கால்டுவெல். இம்மண்ணின் பழங்குடிகள் தம் இறந்தோரை எங்ஙனம் புதைத்தனர் என்று ஆராய்ந்தவர், தாமும் இம்மண்ணுக்குள்ளேயே சேர்ந்தார்.

எனினும் இக்கல்லறையைப் புகழுரையோடு மட்டும் கடந்துவிடலாகாது. 1849-இல் அவர் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அம்மக்களின் தோற்றத்தையும் அறிவையும் பற்றி அது கூறியவை அவர்களை ஆழமாகப் புண்படுத்தின. பிற்காலத்தில் சாமுவேல் சற்குணர் போன்ற கிறிஸ்தவர்களே அதற்கு எழுத்தால் மறுப்புரைத்தனர். எம்மக்களைப் பற்றி அவ்வாறு எழுதினாரோ, அம்மக்களின் வழித்தோன்றல்களே இன்று அவருடைய கல்லறையைப் பேணுகின்றனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்த அறிஞரையும் அச்சிறுநூலின் ஆசிரியரையும் ஒருவராகவே ஏற்றுக்கொண்ட சபை அது.

இங்கு ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம் நமக்குத் துணைசெய்கிறது. சாராளை அடக்கம்பண்ண இடம் தேடிய ஆபிரகாம், தம்மை அந்நியன் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். எப்பெரோன் நிலத்தை இலவசமாகத் தர முன்வந்தும், நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து, ஏத்தின் புத்திரர் முன்னிலையில் மக்பேலா நிலத்தைப் பெற்றார். குடியேறியவனின் கல்லறை ஆளுகையின் அடையாளமன்று. அயலார் இசைந்து இடங்கொடுத்ததற்கு அது சாட்சி. இடையன்குடிக் கல்லறைக்கும் இது பொருந்தும். அதன் பெருமை உள்ளே துயில்வோரை மட்டும் சார்ந்ததன்று; அவர்களுக்கு இடமளித்து, மனக்காயத்தையும் தாங்கி நின்ற சபையாரையும் சார்ந்தது.

ஆகையால் இறையியல் மாணவர்களும் ஆயர்களும் இத்தகைய கல்லறைகளின்முன் நிற்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டல் நன்று. இக்கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர் இம்மக்களுக்கு என்ன செய்தார் என்பது ஒன்று. கல்லே இல்லாமல் சபையின் கல்லறைத் தோட்டத்தில் உறங்குவோர் இவருக்கு என்ன செய்தனர் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை நூல்களில் கிடைக்கும். இரண்டாவதற்கு அடக்கப் பதிவேடுகளைப் புரட்டவேண்டும். சபையின் முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கவேண்டும். நம் சபைகளின் பதிவேடுகளைச் செல்லரிக்காமல் காப்பதும் ஆயர் பணியின் ஒரு பகுதியே என்பதை மறவாதிருப்போமாக.