கொல்லிமலையும் குருமொழி மருத்துவமும்

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் ஆகும். இன்று நாமக்கல் மாவட்டத்து அம்மலைமீது 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுவாருள் பலர் நெஞ்சில் தோன்றுவனவோ சித்தர் குகைகளும் மூலிகைகளுமே. இவ்விரு தோற்றங்கட்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உள்ளன. அரசர் மலை எவ்வாறு மருந்து மலையாயிற்று, அருளாளர் சொல் எவ்வாறு மருத்துவன் சொல்லாக மதிக்கப்பெற்றது, அச்சொல்லை வினவுதற்குத் தமிழ் மரபு இடந்தருகிறதா என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சித்த மருத்துவத்தை முறையாகக் கற்றுத் தேர்ந்த மருத்துவர் நம் வினாவுக்கு உரியவர் அல்லர். மருத்துவம் கல்லாமல், அருள் ஒன்றனையே தகுதியாகக் கொண்டு உடல்நலம் கூறுவாரையும், அவர்க்குத் துணையாகக் காட்டப்பெறும் பழம்பாடல்களையுமே நாம் நோக்குகின்றோம்.

சங்கச் சான்றோர் கண்ட கொல்லி வேறு. கபிலரும் பரணரும் பிறரும் அம்மலையைப் பாடுமிடத்து முன்னிற்பன ஓரியின் வில்லாண்மை, பாவையின் வடிவு, பலவின் கனி, தேன், அருவி என்பனவே. காரி என்பான் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த வரலாறு அகநானூற்றால் பெறப்படும். அரசர் பொருது கொள்ளத்தக்க வளமுடைய மலையாக அது விளங்கியது. நோய் தீர்க்கும் மூலிகைக்கோ சாவா மருந்து காய்ச்சும் முனிவர்க்கோ அப்பாடல்களில் சிறப்பிடம் இல்லை. தேவாரத்தில் இம்மலைக் கோயில் அறைப்பள்ளி என்னும் பெயரால் வைப்புத்தலமாக இடம்பெறுகிறது. அறை என்பது பாறை. பள்ளி என்பது துறவோர் உறையுள். பின்வந்தோர் அதனை அறப்பள்ளி என்றாக்கி அறத்தோடு இயைத்தனர். பாறைப் பொதும்பில் துறவோர் வாழ்ந்தனர் என்பதற்கு இப்பெயர் ஒருவாறு சான்றாகும். அவர் மருத்துவராகவும் இருந்தனரா என்பது தனி வினா. முன்னதற்குச் சான்று கிடைத்த அளவில் பின்னதும் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் சித்தர் வரலாறு எழுதுவார் பலர்பால் காணப்படும் குறையாகும்.

உடல்நலம் பற்றிய அறிவுரை தமிழில் தொன்மையானது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துப் பாடல்களில் மூலிகைப் பெயர் ஒன்றேனும் இல்லை. முதற்பாட்டில் மட்டுமே வள்ளுவர் வளி முதலிய மூன்றனை நூலோர்மேல் வைத்துக் கூறுகின்றார். எஞ்சியவற்றில் முன் உண்டது செரித்தமை அறிந்து பசித்தபின் அளவறிந்து உண்ணுதலும், நோய் இன்னது, அதன் முதல் இன்னது, தணிக்கும் வாயில் இன்னது என ஆராய்தலும், நோயாளியின் அளவும் பிணியின் அளவும் காலமும் கருதி மருத்துவம் செய்தலுமே பேசப்படுகின்றன. இவற்றுள் உணவு பற்றியனவற்றை எவரும் தம் வயிற்றளவில் ஆய்ந்து காணலாம். கூறியவர் பெருமை நோக்கி ஏற்க வேண்டுவது ஒன்றும் அங்கில்லை.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் இன்னொரு செய்தி கருதத்தக்கது. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்றும் மருந்தின் பெயர் பூண்ட அறநூல்கள். சுக்கு, மிளகு, திப்பிலி உடலுக்கு ஆவன போலத் தாம் கூறும் மூன்று மூன்று பொருள்களும் உயிர்க்கு ஆவன என்பது திரிகடுகம் இயற்றியவர் கருத்து. ஆக, அக்காலத்தில் மருந்தின் பயன் எல்லாரும் ஐயமின்றி அறிந்ததொன்று. அறவுரை தன்னை விளக்கிக்கொள்ள மருத்துவனிடம் பெயர் கடன் வாங்கிற்று. பிற்காலத்தில் இக்கடன் திசை மாறியது. மருந்துநூல் தன்னை நிலைநாட்டிக்கொள்ள அகத்தியர், போகர், கோரக்கர், தேரையர் என அருளாளர் பெயர்களை நாடிற்று. மாற்றம் எந்த ஆண்டில் நேர்ந்தது என வரையறுத்தல் இயலாது. ஆயினும் முற்றுப்பெற்ற நிலையில் அதனைக் காண்பதற்குக் கொல்லிமலைமேலேயே ஒரு நூல் உண்டு.

அந்நூல் அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம். 18ஆம் நூற்றாண்டினது என்பர். பாட்டுத்தோறும் மதவேள் என்னும் தலைவன் நினைக்கப்பெறுகிறான். சதுரகிரியில் வளரும் அறப்பளீசுரர் விளிக்கப்பெறுகிறார். ஈண்டுச் சதுரகிரி என்றது கொல்லியையே. திருவில்லிபுத்தூரை அடுத்த சதுரகிரி வேறு. அதுவும் சித்தர் மலை எனப்படுதலின் மயங்குவார் பலர். உலகியல் முழுதும் கூற விழைந்த கவிராயர் உடல்நலத்தையும் விட்டாரில்லை. எண்ணெய் முழுக்குக்கு அவர் கூறும் விதி இது: ஞாயிறன்று முழுகின் அழகு கெடும், திங்களன்று பொருள் சேரும், செவ்வாயன்று இடர் வரும், புதன் அறிவு தரும், வியாழன் அறிவைப் போக்கும், வெள்ளி தேடிய பொருளை அழிக்கும், சனி செல்வமும் ஆயுளும் நல்கும். இவ்வளவில் நில்லாது, விலக்கிய நாள்களில் முழுக வேண்டினார்க்குக் கழுவாயும் உரைக்கின்றார்: ஞாயிறு ஆயின் அலரிப்பூ, செவ்வாயாயின் மண், வியாழனாயின் பச்சை அறுகு, வெள்ளியாயின் எருத்தூள் ஆகியவற்றை எண்ணெயோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்விதியுள் உடல் எங்கே உளது என நோக்குதல் வேண்டும். முழுகுவோன் இளையனா முதியனா, காய்ச்சல் உடையனா இல்லனா, பருவம் கோடையா மாரியா என்பன ஒன்றும் கேட்கப்படவில்லை. கோளின் பெயர் ஒன்றே கேட்கப்படுகிறது. பொருள் சேர்தலும் அழிதலும் முழுக்கின் பயன் எனப்படுதலின், இது மருத்துவத்தின்பாற் பட்டதன்று என்பது வெளிப்படை. இன்னும் ஒன்று: தமிழகத்து வழக்கில் செவ்வாயும் வெள்ளியும் மகளிர்க்குரிய முழுக்கு நாள்கள். சதகமோ செவ்வாய்க்கு இடரையும் வெள்ளிக்குப் பொருளிழப்பையும் கூறுகிறது. நூலின்படி ஒழுகின் தமிழ்நாட்டு இல்லங்களில் பாதிப்பேர் வாரந்தோறும் கேட்டை விலைக்கு வாங்குகின்றனர் என்று கொள்ள நேரும்! ஆசிரியர் ஆடவரை மட்டுமே கருதினார் என்று அமைதி கூறலாம். கூறின், எல்லார்க்கும் உரியது போலச் சொல்லப்பட்ட விதி பாதிப்பேர்க்கே உரியது என்பது போதரும். சனிக்கிழமை நீராடுக என்ற ஆத்திசூடிக்கு, சனி என்பது குளிர்ச்சி எனப் பொருள்கொண்டு குளிர்ந்த நீரில் ஆடுக என்று உரைகாண்பாரும் உளர். பெரியோர் மொழியைக் கைவிடவும் மனமின்றி, கோளின் ஆற்றலை நம்பவும் மனமின்றி நிற்பார் செய்யும் உரை இத்தகையது.

அதே சதகத்தில் மருத்துவன் இலக்கணம் கூறும் பாட்டும் உண்டு. ஆண்டுக் கவிராயர் வேறொருவர் போலப் பேசுகின்றார். மருத்துவன் தாது நிலையை ஆய்தல் வேண்டும். காலமும் இடமும் உடற்கூறும் அறிதல் வேண்டும். தன்வந்திரி, கும்பமுனி, கொங்கணர், சித்தர் முதலியோர் வாகடங்களைக் கற்றல் வேண்டும். மருந்துகளைத் தூய்மை செய்யும் வகையும் அளவும் தெரிதல் வேண்டும் என்பன அவர் கருத்து. சித்தர் நூல் இங்கே ஆய்வுக்குத் துணையாகக் கற்கவேண்டுவன பலவற்றுள் ஒன்று. ஆய்வுக்கு மாற்றாக வைக்கப்பட்டதன்று. நோயாளியின் உடலைக் கண்டறிதல் முன்னும், நூலறிவு பின்னும் நிற்கின்றன. ஒரு நூலில், ஒரே கடவுளை விளித்து, காரணமுடைய உரையும் காரணமற்ற உரையும் அருகருகே நிற்கக் காண்கின்றோம். இரண்டனுக்கும் ஒரே மதிப்பைத் தருவது விளியேயன்றிப் பொருள் அன்று.

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகாவிதி இதனோடு ஒப்பிடத்தக்கது. இதில் முழுக்கு நாள் கோளால் வரையறுக்கப்படவில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை என இடைவெளியால் வரையறுக்கப்படுகிறது. பகலுறக்கம் ஒழித்தல், பசித்தாலன்றி உண்ணாமை, முதல்நாள் சமைத்த கறி அமுதமே ஆயினும் அருந்தாமை, நீரைக் காய்ச்சியும் மோரைப் பெருக்கியும் உண்ணல் ஆகியன உரைக்கப்படுகின்றன. குளிர்ப்பெட்டி இல்லாத நாட்டில் பழங்கறியை விலக்கியதும் நீரைக் காய்ச்சியதும் எத்துணைச் சிறந்த அறிவு! அந்நூலே ஆறு திங்கட்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு திங்கட்கு ஒருமுறை பேதி மருந்தும் விதிக்கின்றது. வாத பித்த ஐயம் என்னும் கொள்கையின்மேல் எழுந்த விதி அது. இற்றை மருத்துவம் நோயற்றவர்க்கு இவற்றைக் கட்டாயமாக்குவதில்லை. சிறுவர், முதியர், சிறுநீரக நோயர் ஆகியோர்க்குப் பேதியால் நீர்வற்றித் தீங்கு நேரும் என்றும் எச்சரிக்கிறது. கொள்கை மாறும்போது விதியும் மாறுதல் மருத்துவத்தின் இயல்பு. சித்தர் வாக்கு என்ற பெயர் சார்த்தியபின் மாற்றத்திற்கு வழி அடைபடுகிறது.

அப்பெயர்தானும் எத்துணை உறுதியுடையது? குணபாட வெண்பாக்களில் பறங்கிப்பட்டை பாடப்பெறுகிறது. அகத்தியர் பெயராலேயே பாட்டு வழங்குகிறது. பறங்கி என்னும் சொல் ஐரோப்பியரைக் குறிப்பது. வாசுகோ ட காமா கோழிக்கோடு அடைந்த ஆண்டு 1498. பறங்கிப்பட்டை சீனத்துக் கிழங்கு. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீச மருத்துவர் கார்சியா ட ஓர்தா 1563இல் வெளியிட்ட நூலில் அதனை விரித்துரைக்கின்றார். ஆகவே அவ்வெண்பா 16ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் அரிது. இது பழைய நூலுட் புகுந்த இடைச்செருகல் எனின், எது பழையது எது புதியது எனப் பிரித்துக் காட்டும் கடமை அங்ஙனம் கூறுவார்க்கு உரியது. பிரித்துக் காட்டும்வரை அகத்தியர் பெயர் அப்பாடற்கு ஈடாக நில்லாது. புதியது ஆதலால் மருந்து பொய் என்பது நம் கருத்தன்று. புதிய நோய்க்குப் புதிய மருந்தை அறிந்து பாடிய அப்பெயர் தெரியாப் புலவர் தம் காலத்தின் திறமிக்க மருத்துவராகவே இருந்திருப்பார். அவர் புகழை நாம் அகத்தியர்க்குக் கொடுத்துவிட்டோம்.

குருவின் நீண்ட வாழ்நாளையே சான்றாகக் காட்டுவாரும் உளர். மறைமலையடிகள் மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை என்னும் நூலை இயற்றினார். 1876இல் பிறந்து 1950இல் மறைந்தார். இதுகூறி நகைப்பார் நகைப்புப் பொருந்தாது. அடிகள் நூறாண்டு வாழாமை நூலைப் பொய்யாக்காது, வாழ்ந்திருப்பினும் மெய்யாக்கியிராது. பலரை ஒப்பிட்டுப் பார்த்தே உணவின் பயனும் பயிற்சியின் பயனும் துணியப்படும்.

இனி இற்றைக் கொல்லிக்கு வருவோம். ஆகாயகங்கை அருவி நீர் மூலிகைகளைத் தழுவி வருதலின் நோய் தீர்க்கும் என்பர். எம்மூலிகை, எவ்வளவு, எந்நோய் என்னும் வினாக்களுக்கு விடை தருவாரில்லை. வள்ளுவர் கேட்கச் சொன்ன அளவுகள் இவையே. முடவாட்டுக்கால் என்னும் மயிரடர்ந்த கிழங்கின் சாறு மலைமேல் கடைதோறும் மூட்டுவலிக்கு விற்கப்படுகிறது. அதன்மேல் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. அவ்வளவிலேயே மனிதரின் வலி தீரும் எனத் துணிதல் கூடாது. சுவைக்காகப் பருகுவாரை நாம் தடுக்கவில்லை. மூட்டு வீக்கத்திற்குக் காரணம் அறியாமல் அதனையே பருகிக் காலங்கடத்துவார்க்கு இழப்பு மிகுதி.

மூலிகை ஆதலின் தீங்கில்லை என்னும் மொழி இன்னும் அச்சந்தருவது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கத் தொடங்குவது செங்காந்தளைக் கொண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. அதன் கிழங்கில் உள்ள கோல்சிசின் என்னும் பொருள் மிகச் சிறிய அளவில் கீல்வாதத்திற்கு மருந்து. அளவு சற்று மிகின் உயிர் போக்கும் நஞ்சு. உண்ணும் கிழங்கென மயங்கி உண்டு இறந்தவர் உளர். உலோக மருந்துகளின் நிலையும் இதுவே. 2008இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு, இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளில் 20.7 விழுக்காட்டில் ஈயமோ இரசமோ பாடாணமோ கண்டது. இரசவாத முறையில் செய்தவற்றுள் 40.6 விழுக்காடு அத்தகையன.

சட்டமும் இதனைக் கருதாமல் இல்லை. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் தொடுத்த வழக்கில், பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் விளம்பரங்களுக்காகப் பாபா ராம்தேவ் உச்சநீதிமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2024 ஆகத்தில் நீதிமன்றம் அதனை ஏற்று அவமதிப்பு நடவடிக்கையை முடித்தது. யோகப் பயிற்சி கற்பித்துப் பெற்ற நன்மதிப்பு மருந்து விற்கவும் துணையாயிற்று என்பதே நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது. பெயரைக் கடன் வாங்கும் பழைய வழக்கு இன்னும் ஒழியவில்லை.

நீதிமன்றம் விளம்பரத்தைத் தடுக்கும், பாட்டைத் தடுக்காது. விளம்பரத்தின் தலையில் பாட்டு நிற்கும்போது அதனை ஆராயும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு வந்துவிடுகிறது. சித்தர் நூல்களில் ஒரு மூலிகைக்குப் பல பெயரும், ஒரு பெயர்க்குப் பல மூலிகையும் பரிபாடையாக வழங்குகின்றன. சுவடி வேறுபாடு காட்டாமலும், செடி இன்னதெனத் தெளியாமலும் வெளிவந்த பதிப்புகளே பெரும்பாலும் மக்கள் கையில் உள்ளன. சங்க இலக்கியத்தில் பாடவேறுபாடு தவறினால் ஒரு பொருள் கெடும். இங்கு ஒருவன் காந்தட்கிழங்கை அரைத்துக் குடித்துவிடுவான். பட்ட மேற்படிப்பு மாணவர் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடுங்கால், பறங்கி போன்ற காலங்காட்டும் சொற்களைக் குணபாடப் பாட்டுகளினின்று தொகுத்து அகரநிரல் ஒன்று அமைப்பராயின், அதனைத் தாவரவியலாரும் சித்த மருத்துவரும் தம் கையில் வைத்துப் பயன்கொள்வர்.