எழுதி வைத்த ரகசியம்

2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி மீது ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. சம்பள உச்சவரம்பைத் தாண்டுவதற்காக, கவாய் லெனர்டுக்கு விளம்பர ஒப்பந்தம் ஒன்றின் வழியாகப் பணம் போனது என்றார்கள். அணி மறுத்தது. என்பிஏ விசாரணையைத் தொடங்கியது. அன்று இரவு மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, கூடைப்பந்து பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: ஜோ ஸ்மித்.

அந்தப் பெயர் மேல் எனக்குத் தனி ஒட்டுதல் உண்டு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என்பிஏவில் இன்றுள்ள சம்பள உச்சவரம்பு 1984-85 பருவத்தில் வந்தது. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து 3.6 மில்லியன் டாலர் வரை கொடுக்கலாம் என்று ஆரம்பித்து, 1998-99இல் அது 30 மில்லியனாக வளர்ந்திருந்தது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பணக்கார நகரங்களே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் இந்த வேலியில் ஒரு வாசலையும் விட்டிருந்தார்கள். சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் அதை ‘பேர்ட் உரிமை’ என்பார்கள். முழு உரிமை கிடைக்க, அவர் அதே அணியில் மூன்று பருவம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் பெரிய நகரத்து அணி கிடையாது. 1995 டிராஃப்டில் பள்ளியிலிருந்து நேராக வந்த கெவின் கார்னெட்டை ஐந்தாவது ஆளாக எடுத்தார்கள். 1997இல் அவருக்கு ஆறு ஆண்டுக்கு 126 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகை மற்ற முதலாளிகளைக் கலங்கடித்தது. 1998இல் லீக் கதவடைப்புச் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பருவம் 50 ஆட்டமாகச் சுருங்கியது. 1999 ஜனவரியில் புது உடன்படிக்கை வந்தது.

அதே மாதத்தில்தான் ஜோ ஸ்மித் மினசோட்டாவுக்கு வந்தார். கார்னெட் ஐந்தாவதாகப் போன அந்த டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் இவர். அப்படிப்பட்டவர் ஒரே வருஷத்துக்கு 1.75 மில்லியன் டாலருக்குச் சம்மதித்தார். வெளியே பார்த்தவர்களுக்கு அது புரியாத கணக்கு.

உள்ளே வேறொரு கணக்கு இருந்தது. மூன்று வருஷம் ஒவ்வொரு வருஷமாகக் குறைந்த சம்பளத்துக்கு விளையாடு. பேர்ட் உரிமை வந்ததும் வரம்பைத் தாண்டி 86 மில்லியன் வரை தருகிறோம். விதிப்படி, லீக்குக்குக் காட்டாத எந்த வாக்குறுதியும் குற்றம். இவர்களோ அதை எழுதியே வைத்திருந்தார்கள்.

ஏன் எழுதினார்கள்? வாய்வார்த்தையாக விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே! நான் நினைப்பது இதுதான்: மூன்று வருஷத்தில் முழங்கால் போகலாம், அணி கை மாறலாம். அத்தனை பெரிய தொகையை யாரும் வெறும் வார்த்தையை நம்பி விட மாட்டார்கள். விதியை ஏமாற்றத் துணிந்தவர்களுக்கு ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை.

மாட்டியதும் லீக்கின் சாமர்த்தியத்தால் அல்ல. ஸ்மித்தின் ஏஜெண்டு எரிக் ஃபிளைஷரை விட்டு, அவரோடு வேலை செய்த ஆண்டி மில்லர் கார்னெட் உள்ளிட்ட ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிரிந்தார். வழக்கு வந்தது. கேட்டு வாங்கிய ஆவணங்களோடு அந்தக் கடிதமும் வெளியே வந்துவிட்டது.

2000 அக்டோபரில் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் தண்டனையை அறிவித்தார். 3.5 மில்லியன் டாலர் அபராதம். ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் பறிமுதல். ஸ்மித்தின் ஒப்பந்தங்கள் செல்லாது. அதனால் அவர் சேர்த்து வைத்த பேர்ட் உரிமையும் போச்சு. உரிமையாளர் கிளென் டெய்லரும் நிர்வாகி கெவின் மெக்ஹேலும் 2001 கோடை வரை அணியிலிருந்து விலகியிருந்தார்கள். பின்னாளில் இரண்டு வாய்ப்புகளைத் திருப்பித் தந்தார்கள். 2001, 2002, 2004 மூன்றும் போனது போனதுதான்.

அந்த 2001 டிராஃப்டில், முதல் சுற்றின் கடைசி ஆளாக 28ஆவது இடத்தில் சான் அன்டோனியோ எடுத்தது டோனி பார்க்கரை. மினசோட்டாவின் முறை அதற்கு முன்பே வந்திருக்கும். அவரைத்தான் எடுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எடுக்கிற வாய்ப்பே அவர்களுக்கு இல்லை.

கார்னெட் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் அவருடைய மிகச் சிறந்த வருஷங்களில், பக்கத்தில் நிற்க இளம் ஆட்டக்காரர்கள் வரவில்லை. 2004இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார், அணி மேற்கு இறுதியில் லேக்கர்ஸிடம் தோற்றது. 2007இல் பாஸ்டன் போனார், அடுத்த வருஷமே கோப்பை. டெய்லரும் மெக்ஹேலும் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஸ்மித் டெட்ராய்ட் போய், மறுபடி மினசோட்டா வந்து, மொத்தம் 12 அணிகளில் விளையாடி முடித்தார். 86 மில்லியன் பக்கம் எந்த ஒப்பந்தமும் அவருக்குப் போகவில்லை.

இப்போது என் ஒட்டுதலின் காரணம். பட்டம் வாங்கிய கையோடு முதல் வேலைக்குப் போனபோது மேனேஜர் சொன்னார், “தம்பி, இப்போ 2,400 வெள்ளிக்கு சைன் பண்ணு. ஒரு வருஷத்துல 3,500 ஆக்கிக் கொடுக்கறேன், என் பொறுப்பு.” நானும் தலையாட்டினேன். வருஷம் முடிவதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மனிதவளப் பிரிவில் போய் நின்றேன். “லெட்டர் இருக்கா?” என்று ஒரே கேள்விதான்.

என்னிடம் காகிதம் இல்லை, அதனால் போனது. ஸ்மித்திடம் இருந்தது, அதனாலேயே போனது. ரொம்ப நாள் இதை வேடிக்கையான எதிர்மறையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் இளம் வயதுக்காரன் முதலில் தன் உழைப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்தான். மேலே இருந்தவர் கொடுத்தது ‘பிறகு’ என்ற ஒரு சொல்.

தண்டனை கடுமையாக இருந்தது சரி என்றே நினைக்கிறேன். பெரிய நகரங்களிடமிருந்து மினசோட்டா மாதிரி அணிகளைக் காக்க வந்த விதியை, மினசோட்டாவே உடைத்தது. ஆனால் மற்ற முதலாளிகள் அதிலிருந்து எந்தப் பாடத்தைப் படித்தார்கள்? ‘ஏமாற்றாதே’ என்பதையா, ‘எழுதி வைக்காதே’ என்பதையா? கிளிப்பர்ஸ் விசாரணைச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கேள்வி அதுதான்.

போன மாதம் புது வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். “போனஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்கள். ஒப்பந்தத்தைத் திருப்பி நகர்த்தி, “அதையும் இதுல எழுதிடுங்க சார்” என்றேன்.