ஆற்காட்டு நவாபின் கடனும் எட்டு எம்.பி.க்களும்

செஞ்சிக்கோட்டை என்றால் எங்கள் தளவானூர்ப் பக்கத்தில் தேசிங்கு ராஜாதான். சிறுவயதில் அந்தக் கதை கேட்டு அழாதவர்கள் குறைவு. 1714இல் ஆற்காட்டு நவாபுடன் போரிட்டு அவர் விழுந்ததோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இந்த வயதில் அதிகமாக உறுத்துகிறது.

கோட்டை நவாபிடம் போயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். ஆங்கிலேயர் என்று சொல்கிறோமே தவிர, வந்தது அரசாங்கம் அல்ல. பங்குதாரர்கள் லாபம் பார்க்க லண்டனில் தொடங்கிய ஒரு வியாபாரக் கம்பெனி. அந்தச் சண்டைகளின் செலவையெல்லாம் கம்பெனி நவாப் முகமது அலி வாலாஜாவின் கணக்கில் எழுதியது. அவரிடம் பணம் இல்லை. யாரிடம் கடன் வாங்கினார்? அதே கம்பெனியின் சென்னை ஊழியர்களிடம்! ஆரம்பத்தில் வட்டி நூற்றுக்கு 30க்கு மேல். ஈடாக, சீமை சீமையாக நிலவரி வசூலிக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். களத்துமேட்டில் நெல் அளக்கும் குடியானவனுக்கு லண்டனும் தெரியாது, பத்திரமும் தெரியாது. கட்டியது அவன்தான்.

கடன் கொடுத்தவர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்டு. (சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் இவர் என்று சொல்வார்கள்.) வருடத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரர். 1776இல் ஆளுநர் பிகட் தஞ்சாவூரை நவாபிடமிருந்து மீட்டு மராட்டிய ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, அந்தச் சீமையின் வருமானத்தில் தனக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் வரவேண்டும் என்று நின்றார். பிகட் ஒப்பவில்லை. அந்த ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார்.

கடன்காரர்கள் அதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணும் வாக்காளர்களே இருந்த தொகுதிகள் பல. நாடாளுமன்ற இடத்தை விலைக்கு வாங்கலாம். பென்ஃபீல்டு 1780இல் உறுப்பினரானார். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் உள்ளே அனுப்பினார் என்று எட்மண்ட் பர்க் சபையிலேயே சொன்னார்.

பலன் கிடைத்தது. பிட் பிரதமரானதும் இந்திய விவகாரங்களைப் பார்க்க அமைத்த வாரியம், நவாபின் பழைய கடன்களை விசாரணையே இல்லாமல் ஏற்று, கர்நாடக வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கொடுக்கச் சொன்னது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் மணிக்கணக்கில் பேசினார். அமைச்சர்கள் எழுந்து பதில் சொல்லக்கூட இல்லை. தீர்மானத்துக்கு ஆதரவு 69, எதிர்ப்பு 164.

பிற்பாடு, 1801இல் கர்நாடகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அப்போதும் நவாப் வீட்டுக் கடன் என்று புதிதாகச் சீட்டுகள் வந்தன. இந்த முறை கம்பெனியின் கையிலிருந்து பணம் போகவேண்டும், அதனால் 1805இல் ஆணையம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கேட்டது சுமார் 3 கோடி பவுண்டு. செல்லும் என்று ஒப்புக்கொண்டது சுமார் 27 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அப்படியானால், பார்க்காமலே கொடுத்த பழைய கடனில் உண்மை எவ்வளவு இருந்திருக்கும்?

2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் தீர்ப்பு வந்த இரவு எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது. கட்சிக்கு யார் பணம் தருகிறார் என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பை 2017இல் எடுத்ததும் செல்லாது என்றார்கள்.

மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. அதிகம் பெற்றது பா.ஜ.க. அதிகம் வாங்கிக் கொடுத்தது ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003லேயே தடை செய்தாயிற்று. அன்று காலை டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு கிழவர்கள் அந்தப் பேப்பரைப் பங்குபோட்டுப் படித்தோம். நாலு பேரும் நாலு கட்சி. ரொம்ப நேரம் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.