சிங்கப்பூரில் முதுமைக்கேற்ற நகரமைப்பு வரலாறு

வயது கூடி உடல் தளர்ந்த பின்னரும் ஒருவர் தம் சொந்த வீட்டிலும் பழகிய வட்டாரத்திலும் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ வேண்டும். அதற்கு ஏற்றவாறு வீடு, தெரு, போக்குவரத்து, பொதுச் சேவை ஆகியவற்றை அமைப்பதே முதுமைக்கேற்ற நகரமைப்பு ஆகும். இதன் வரலாற்றை அறியச் சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. இளங்குடும்பங்களை மனத்தில் கொண்டு மிக வேகமாகக் கட்டப்பட்ட அந்நகரம், அதே குடும்பங்கள் முதுமை அடைந்தபோது தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திருத்தத்தின் நடுவில் இருந்தது மின்தூக்கி.

இளைஞர்களுக்காக எழுந்த நகரம்

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழர் இதைச் சுருக்கமாக வீவக என்பர். அப்போது மக்களில் பெரும்பகுதியினர் நெரிசல் மிகுந்த கடைவீடுகளிலும் பலகை, அத்தாப்புக் குடிசைகளிலும் வாழ்ந்தனர். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் பற்றிய பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. விரைவாகவும் குறைந்த செலவிலும் வீடு கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. கழகம் முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. 1964இல் வீடுகளை மக்களுக்கு விற்கும் திட்டம் வந்தது. 1968 முதல், ஊதியத்தில் பிடிக்கப்படும் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கவும் வழி பிறந்தது.

செலவைக் குறைக்கக் கையாண்ட வழிகளில் ஒன்று, மின்தூக்கியை எல்லா மாடிகளிலும் நிறுத்தாமல் விடுவது. நிறுத்தங்கள் குறைந்தால் கதவுகளும் குறையும், கட்டுமானச் செலவும் குறையும். ஆகவே பல கட்டிடங்களில் மூன்று நான்கு மாடிகளுக்கு ஒருமுறைதான் மின்தூக்கி நின்றது. இடையில் உள்ள மாடிகளில் குடியிருப்போர் அருகிலுள்ள நிறுத்தத்தில் இறங்கிப் படியில் ஏறவோ இறங்கவோ வேண்டும். முப்பது வயதுக் கணவன் மனைவிக்கு இரண்டு மாடி ஏறுவது பெரிய காரியம் அன்று. 1970இல் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஆதலால் அன்றைய கணக்கில் அது பிழையாகத் தோன்றவில்லை.

அதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அரசு, ‘இரண்டு குழந்தைகள் போதும்’ என்று பரப்புரை செய்தது. பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் பிறப்பு விகிதம், மக்கள் தொகையை நிலையாக வைத்திருக்கத் தேவையான அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது; பிறகு அந்த அளவை எட்டவே இல்லை. மருத்துவ வசதி பெருகி ஆயுளும் நீண்டது. படியேறிய இளைஞர்கள் முதியவர்கள் ஆகும்போது அவர்களைத் தாங்கப் பிள்ளைகள் குறைவாகவே இருப்பார்கள் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

‘முதியோர் பிரச்சினை’

1982இல் ஐக்கிய நாடுகள் அவை, மூப்பு குறித்த முதல் உலகப் பேரவையை வியன்னாவில் கூட்டியது. அதே ஆண்டில் சிங்கப்பூர் அரசு, சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையில் முதியோரின் பிரச்சினைகளை ஆராயும் குழுவை அமைத்தது. 1984இல் வெளிவந்த அறிக்கை, மத்திய சேம நிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60 ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டுமா என்று மக்கள் கொதித்தனர். அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இந்த அறிக்கை எழுப்பிய சினமும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

அக்காலச் சிந்தனையில் முதுமை என்பது பெரும்பாலும் பணம், மருத்துவம், குடும்பம் சார்ந்த பொருளாகவே இருந்தது. பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ குடியேற விரும்பும் பிள்ளைகளுக்கு வீடு ஒதுக்குவதில் முன்னுரிமை தரப்பட்டது. 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத, 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை அணுக இச்சட்டம் வழிசெய்தது. ஆயினும் பிள்ளை பணம் அனுப்பினாலும், மின்தூக்கி நிற்காத மாடியில் இருக்கும் தாய் கடைத்தெருவுக்கு இறங்கிவர முடியாது. பணமோ சட்டமோ தீர்க்க முடியாத இச்சிக்கல் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது.

மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம்

பொதுவாக 1990க்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நின்றது. எஞ்சியவை ஆயிரக்கணக்கான பழைய கட்டிடங்கள். அவற்றைச் சீர்செய்ய 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சில கட்டிடங்களில் பழைய தண்டிலேயே புதிய கதவுகள் திறக்கப்பட்டன. மற்றவற்றில் கட்டிடத்தின் வெளிப்புறத்தில் புதிய தண்டு எழுப்பப்பட்டது.

இத்திட்டத்தைக் குடியிருப்போரே வாக்களித்து முடிவு செய்தனர். ஒரு கட்டிடத்தில் குறைந்தது 75 விழுக்காட்டினர் இசைந்தால்தான் வேலை தொடங்கும். செலவின் பெரும்பகுதியை அரசும், ஒரு பகுதியை நகர மன்றமும் ஏற்றன. குடிமக்கள் குடும்பம் ஒன்று கட்ட வேண்டியது அதிக அளவாக 3,000 வெள்ளி. ஏற்கெனவே மின்தூக்கி நிற்கும் மாடியில் இருப்பவர், தமக்குப் பெரிய பயன் இல்லாதபோதும் மேல்மாடி முதியவருக்காக இசைய வேண்டியிருந்தது.

இதில் அரசியலும் கலந்தது. 1997 தேர்தலின்போது, ஆளும் கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே குடியிருப்பு மேம்பாட்டில் முன்னுரிமை என்று பிரதமர் கோ சோக் டோங் வெளிப்படையாக அறிவித்திருந்தார். எதிர்க்கட்சித் தொகுதிகளான ஹவ்காங்கும் பொத்தோங் பாசிரும் வரிசையில் பின்தங்கின. மூட்டு வலியுள்ள ஒருவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பதற்கும் அவர் ஏற வேண்டிய படிகளுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி பல ஆண்டுகள் எழுந்தவண்ணம் இருந்தது.

2010களின் நடுப்பகுதிக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் இத்திட்டம் நிறைவேறியது. அமைப்பு முறையாலோ மிகுந்த செலவாலோ ஏறத்தாழ 150 கட்டிடங்களுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அவற்றில் வாழும் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள், மின்தூக்கி நிற்கும் மாடியில் வேறு வீடு வாங்க உதவும் மானியம் 2020இல் அறிமுகமானது.

வாசலைத் தாண்டிய பின்

மின்தூக்கியில் இறங்கி வந்தவருக்கு அடுத்த தடை தெருவில் காத்திருந்தது. 2007இல் உலகச் சுகாதார அமைப்பு, முதுமைக்கேற்ற நகரங்களுக்கான கையேட்டை வெளியிட்டது. 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டறிந்தவற்றைக் கொண்டு அது உருவாக்கப்பட்டது. வெளியிடங்கள், போக்குவரத்து, வீடு, சமூகப் பங்கேற்பு, மதிப்பு, வேலை, தகவல், நலச்சேவை என எட்டுத் துறைகளை அது வகுத்தது. சிங்கப்பூரிலும் 2006இல் மூப்பு பற்றிய குழுவொன்று தடைகளற்ற சூழலை வலியுறுத்தியிருந்தது.

இதன் விளைவுகள் சிறியவையாகத் தோன்றினாலும் பயன் பெரிது. 2009இல் சாலைச் சந்திப்புகளில் புதிய கருவி வந்தது. முதியவர் தம் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் வைத்தால், பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். சாலையின் அகலத்துக்கு ஏற்ப இந்நேரம் மாறும். 2014 முதல் முதியோர் மிகுந்த வட்டாரங்களில் வேகத்தைக் குறைக்கும் வளைவுகளும், பாதிச் சாலையைக் கடந்து நின்று இளைப்பாறும் திட்டுகளும் அமைக்கப்பட்டன. 1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது இல்லாத மின்தூக்கிகள் பின்னர் நிலையங்களில் சேர்க்கப்பட்டன. 2020 இறுதிக்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறத்தக்கவை ஆயின.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. முதியோர் விழுவதற்குக் குளியலறை ஒரு முக்கிய இடம். 2012இல் தொடங்கிய திட்டத்தின்படி கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரைப்பூச்சு, சிறு சாய்தளம் ஆகியவை வீவக வீடுகளில் பொருத்தப்படுகின்றன. குடிமக்களுக்கு இச்செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது.

கம்போங் அட்மிரல்ட்டி

பழையதைத் திருத்துவதோடு, முதியோரை முன்னிறுத்திப் புதியதைக் கட்டும் முயற்சியும் நடந்தது. 2018இல் உட்லண்ட்ஸ் பகுதியில், அட்மிரல்ட்டி ரயில் நிலையத்தை ஒட்டித் திறக்கப்பட்டது கம்போங் அட்மிரல்ட்டி. கம்போங் என்ற மலாய்ச் சொல்லுக்குக் கிராமம் என்று பொருள். ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில், முதியவர்களுக்கான 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ மையம், கடைகள், கூரைத் தோட்டம் எல்லாம் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. முதியோர் நடவடிக்கை மையமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. பேரப்பிள்ளையை விட்டுவரும் தாத்தா அங்கேயே உடற்பயிற்சி செய்துவிட்டு, மருத்துவரையும் பார்த்துத் திரும்பலாம். டபிள்யூஓஎச்ஏ நிறுவனம் வடிவமைத்த இக்கட்டிடம், 2018 உலகக் கட்டிடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டிடமாகத் தேர்வு பெற்றது.

மதிப்பீடு

2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 15.2 விழுக்காடு. 2010இல் அது 9 விழுக்காடாக இருந்தது. ஒரு பத்தாண்டில் இவ்வளவு உயர்வு! தனியே வாழும் முதியோரும் பெருகி வருகின்றனர். கைப்பிடிக் கம்பி விழாமல் தாங்கும், தனிமையைத் தாங்காது. இதை உணர்ந்தே 2023இல் அறிவிக்கப்பட்ட திட்டங்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் முதியோர் கூடும் நிலையங்களைப் பெருக்குவதில் கவனம் செலுத்துகின்றன.

1960களில் மின்தூக்கி நிறுத்தங்களைக் குறைத்தவர்கள் முதியவர்களைப் புறக்கணிக்க எண்ணவில்லை. வீடில்லாத மக்களுக்கு விரைவில் வீடு தர எண்ணினர், தந்தும் காட்டினர். ஆனால் அங்கு குடியேறுபவர் முப்பதாண்டுக்குப் பின் எந்த வயதில் இருப்பார் என்ற எளிய கணக்கு விடுபட்டது. அதைச் சரிசெய்யச் சுவரை உடைத்து, வாக்கெடுப்பு நடத்தி, பத்தாண்டுக்கும் மேல் உழைக்க வேண்டியதாயிற்று. இன்று அடுக்குமாடிகளை வேகமாக எழுப்பிவரும் எந்த நகரமும், வரைபடத்தில் படிக்கட்டை வரையும்போதே அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.